பதினாலு ஊசியும் ஒரு புகைக்குழாயும்

என் மனைவியை நாய் கடித்தபோது நான் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தேன். அவள் அலறியது கேட்டது. கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஊர்ந்து வெளியே வருவதற்குள் நாய் வேலியைத் தாண்டி ஓடிவிட்டது. வாசலில் சாமையைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்து, இடது கெண்டைக்காலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விரல் இடுக்குகளில் இரத்தம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலையில் புதூர்நாட்டுக்கு மேலே, ஜீப் போகிற பாதையோரத்தில் எங்கள் வீடு. நாங்கள் இருவருமே அடிவாரத்துக்காரர்கள். நான் லாரிப் பட்டறையில் வேலை கற்றவன். மலைக்கு ஓடும் ஜீப்புகள் பழுதானால் பார்க்க மேலே ஆளில்லை என்று வந்து, ஒரு கொட்டகை போட்டு அங்கேயே தங்கிவிட்டேன். மூன்று வயதில் ஒரு மகள். ஜீப் வேலைக்கு மலைக்காரர்கள் சாமையும் புளியும் பலாப்பழமும் கொண்டுவந்து கொடுப்பார்கள். அப்படி வந்த சாமையைத்தான் அன்று அவள் காயவைத்திருந்தாள்.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு பணக்கார வாலிபன், மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று கொண்டுவந்த, ஐம்பதுகளில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, மேலே மடக்கக்கூடிய துணிக் கூரை. தரையோடு தரையாகப் பதுங்கினாற்போல் இருக்கும். எங்கள் பாதையில் கிடந்த ஒரு கல் அதன் ஆயில் தொட்டியைப் பிளந்துவிட்டது. அது தெரியாமல் அவன் ஓட்டியதில் இன்ஜின் இறுகிப் போய்விட்டது. என் கொட்டகையில் தள்ளிவிட்டுப் போனவன் திரும்பவே இல்லை. ஒரு வருடம் கழித்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கடிதமும் காகிதங்களும் அனுப்பினான். இரண்டு வருடம் பாடுபட்டு அதை ஓட வைத்தேன். ஊரில் அதற்குப் 'படுத்த வண்டி' என்று பெயர். என் மனைவி அதை 'உன் சின்னவூடு' என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள், ஆனால் அதில் முழுக்கச் சிரிப்பு இருந்ததாக எனக்குத் தோன்றியதில்லை.

கடித்த நாய் யாருடையதும் இல்லை. கொட்டகையில் காருக்கு அடியில் வந்து படுக்கும். மீந்த களியை அதற்குப் போடுவேன். அன்று காலையிலேயே அது சரியாக இல்லை. கூப்பிட்டால் வரவில்லை. வாயோரம் எச்சில் நூலாகத் தொங்கியது. ஜாக்கியின் இரும்புக் கம்பியைக் கவ்விக் கவ்விக் கடித்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, காலால் அதை வெளியே தள்ளிவிட்டு, பதினாலாம் நம்பர் ஸ்பேனரைத் தேடப் போனேன். இரண்டு வருடமாக நான் பாடுபட்ட இன்ஜின் அந்த வாரம்தான் ஒழுங்காக ஓட ஆரம்பித்திருந்தது. என் புத்தி முழுக்க அதில் இருந்தது. நாயைக் கட்டிப்போடவில்லை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் நாய் ஓடைக்கரையில் செத்துக் கிடப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னாள். மலைக்காரி அவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"வெறி நாய்தான் அது. ஒடனே கீழ கூட்டினு போ. பச்சிலை கிச்சிலைன்னு யாராச்சும் சொன்னா கேக்காத. புள்ளய நான் பாத்துக்கறேன்."

ஒரே ஒரு பஸ் எங்கள் மலைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வருட மழையில் ஒரு கொண்டை ஊசி வளைவின் ஓரம் சரிந்துவிட்டதால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜீப்புகள் சுமை சேர்ந்தால்தான் இறங்கும். சிலசமயம் இரண்டு நாளானாலும் வராது. ஆகவே அவளை அந்தச் சிவப்புக் காரில் உட்காரவைத்து திருப்பத்தூருக்கு இறக்கினேன். அவள் அதில் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்தார். நாய் என்ன ஆனது என்று கேட்டார். செத்துவிட்டது என்றேன்.

"அப்ப யோசிக்கவே வேணாம். பதினாலு ஊசி. வயித்துல போடணும், தெனம் ஒண்ணு. ஒரு நாள்கூட வுடக் கூடாது" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மருந்து சில பேருக்கு ஒத்துக்காது. தலைவலி, வாந்தி, கால் மரத்துப் போறது எதுனா வந்தா மறைக்காம சொல்லணும். ஊசிய நிறுத்தலாமா வேணாமான்னு அப்பதான் பாக்க முடியும்" என்றார்.

"நோய் வந்துட்டா எப்பிடி சார் தெரியும்?"

"காய்ச்சல், தலைவலின்னு ஆரம்பிக்கும். அப்பறம் தண்ணி முழுங்க முடியாது. தண்ணியப் பாத்தாலே தொண்டை இழுத்துக்கும். அது வந்துட்டா செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. வராம இருக்கத்தான் இந்த ஊசி."

கீழேயே தங்கிவிடலாம் என்றேன். அவள் கேட்கவில்லை. "புள்ளய வுட்டுட்டு பதினாலு நாள் நான் இங்க ஒக்காந்துனு இருக்க மாட்டேன். தெனம் போய்ட்டு வரலாம். வண்டி ஓடுது இல்ல?" என்றாள். ஓடுகிறது என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, சரிந்த வளைவுக்குக் கீழே ஒரு கல்லில் காரின் வயிறு இடித்தது. டமாரென்று ஒரு சத்தம், அடுத்து இரும்பு தரையில் இழுபடும் சத்தம். அதற்குப் பின் இன்ஜின் போட்ட ஓலத்தில் பேச்சே கேட்கவில்லை. இறங்கிப் பார்த்தேன். புகைக்குழாய் நடுவில் முறிந்து, சைலென்சர் பின்னால் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து ஓரமாகப் போட்டுவிட்டு அப்படியே மேலே ஓட்டினேன். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

நாலாம் நாள் திருப்பத்தூருக்குள் நுழைந்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். அவள் சேலையை விலக்கிக் காலின் கட்டைக் காட்டியதும், "போ, போ. ஆனா நாளைக்கும் இந்தச் சத்தத்தோட வந்தா வண்டிய புடிச்சி வச்சிருவேன்" என்றார். அவள் ஊசி போட்டுக்கொண்ட நேரத்தில் நான் ஒரு வெல்டிங் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

"முழுசா கழட்டி வேற போடணும். வண்டிய வுட்டுட்டு போ. நாளன்னிக்கி வா."

"நாளைக்கி ஊசி கீதுங்க. வண்டிய வுட முடியாது."

"அப்ப நான் இன்னா பண்றது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

ஆக, வீட்டிலேயே செய்தேன். மதியம் மேலே வந்து சேர்ந்தோம். இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். மறுநாள் விடிந்ததும் கிளம்ப வேண்டும்.

இன்ஜினிலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் நாலு நட்டுகள். முப்பது வருடத் துரு. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன், ஊதுவிளக்கால் சூடு காட்டினேன். இரண்டு கழன்றன. மூன்றாவதன் முனை மழுங்கிவிட்டது. நாலாவதை உளியால் வெட்டப் போய், போல்ட்டே ஒடிந்துவிடுமோ என்று பயந்து நிறுத்தினேன். ஒடிந்தால் அந்தக் காரை மறுநாள் அசைக்க முடியாது. குந்தியபடி அந்த இரண்டு நட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நட்டுகளை விட்டுவிட்டேன். குழாயையே ஒரு சாண் நீளத்துக்கு விட்டு, மீதியை ரம்பத்தால் அறுத்து எடுத்தேன். அந்தத் துண்டின் மேல் புதுக் குழாயைச் செருகிவிடலாம் என்று கணக்கு.

புதுக் குழாய்க்கு எங்கே போவது? கைப்பம்புக்கு இறக்கியதில் மீந்த தண்ணீர்க் குழாய் ஒன்று கிடந்தது. பாதையின் அந்தப் பக்கம் கொல்லர் ஒருவர் உலை வைத்திருந்தார். குழாய்க்குள் மணலை இறுக்கி அடைத்து, இரண்டு வாயையும் மரக்கட்டையால் மூடி, உலையில் சிவக்க வைத்து வளைத்தோம். உள்ளே மணல் இருந்தால் வளைக்கும்போது குழாய் நசுங்காது. மேல்பூச்சு எரிந்து வெள்ளைப் புகை கிளம்பியது. கொல்லர் இருமிக்கொண்டே துருத்தியை விடாமல் மிதித்தார்.

"இன்னாத்துக்கு இந்த அவசரம்? காலைல பண்ணலாமே" என்றார்.

"காலைல ஊசி" என்றேன்.

இனியும் கல்லில் இடிக்கக் கூடாது என்பதற்காகப் புதுக் குழாயை வயிற்றுக்கு அடியில் விடாமல், இடது பக்கமாக உயர்த்தி, கதவுக்குக் கீழே ஓரமாகப் பின்னுக்குக் கொண்டுபோனேன். அதற்கு இடம் பற்றவில்லை. அந்தக் காரின் தரை பலகையால் ஆனது. இடது இருக்கையில் உட்காருபவர் கால் வைக்கும் மூலையில் பலகையைக் கொஞ்சம் அறுத்தேன். குழாய்களின் இணைப்பு சரியாக அந்த மூலையில் வந்தது. இணைப்பின் மேல் சூடு தாங்கும் கல்நார்க் கயிற்றைச் சுற்றி, மேலே ஆயில் டின் தகரத்தைப் போர்த்தி, ஜீப்பின் பழைய இரும்புப் பட்டைகள் இரண்டால் முடுக்கினேன். பலகையில் அறுத்த இடத்தையும் தகரத்தால் மூடி, மேலே கோணியை மடித்துப் போட்டேன். பின்னால் ஜீப்பின் பழைய சைலென்சரைக் கட்டினேன்.

ஸ்டார்ட் செய்தபோது சத்தம் அடங்கி, அடித்தொண்டையில் உறுமியது. எனக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. வயிற்றில் நாலு ஊசியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவளைத் திரும்பிப் பார்த்து, "எப்பிடி?" என்று கேட்டேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் வானம் வெளுத்திருந்தது. கூரையை மடக்கிவிட்டுக் காற்றாடப் போய் வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வயிறு மட்டும் வீங்கி, தொட்டால் கல்லாக இருக்கிறது என்றாள்.

ஏழாம் நாள் மழை. துணிக் கூரையை இழுத்து மாட்டினேன். அவள் பக்கத்து ஜன்னலில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துக் கட்டினேன், சாரல் படாமல் இருக்கட்டும் என்று. என் பக்கம் கட்டவில்லை. வைப்பர் ஓடாததால் தலையை வெளியே நீட்டித்தான் நான் ஓட்ட முடிந்தது. திரும்பி மேலே ஏறும்போது அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலை வெடிக்கிற மாரி கீது."

வீட்டுக்கு வந்து படுத்தாள். சாயங்காலம் எழுந்து, இப்போது பரவாயில்லை என்றாள். எனக்கு நிம்மதி போய்விட்டது. காய்ச்சல், தலைவலி, அப்புறம் தண்ணீர் என்று டாக்டர் சொன்ன வரிசை காதிலேயே இருந்தது. ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் குடிக்கும்போது தொண்டையைப் பார்த்தேன். மடக் மடக்கென்று இறங்கியது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு சொம்பு கொண்டுபோனேன்.

"இப்பதான குடிச்சேன்?"

"ஊசிக்கு நல்லா தண்ணி குடிக்கணுமாம்."

"யாரு சொன்னாங்க?"

"டாக்டர்."

அவள் சொம்பை வாங்கிக் குடித்தாள். குடிக்கும்போது அவள் கண்கள் சொம்புக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

எட்டாம் நாள் காலை ஆஸ்பத்திரியில் டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். "தலைவலி, வாந்தி எதுனா இருக்கா?" அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "ஒண்ணும் இல்லிங்க" என்றேன். ஊசியை நிறுத்திவிட்டால் என்ன செய்வேன்? மருந்து ஒத்துக்கொள்ளாத தலைவலியா, நோயின் தலைவலியா என்று எனக்கு எப்படித் தெரியும்? எதுவாக இருந்தாலும் ஊசி நின்றுவிடக் கூடாது. அதைத் தவிர எனக்கு வேறொன்றும் ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்துவிட்டு, சேலையைத் தளர்த்திப் படுத்தாள். அன்று மழையில் மேலே ஏறும்போது இரண்டு முறை வாந்தி எடுத்தாள். எனக்கும் கண்ணுக்குப் பின்னால் வலி துடித்துக்கொண்டிருந்தது. தூங்காததால் என்று நினைத்தேன்.

வீட்டில் மகளை அவள் பக்கத்தில் விட எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் குழந்தையைப் பக்கத்து வீட்டிலேயே தூங்கவைக்கச் சொன்னேன். இதை அவள் கேட்டுவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் பிடித்த மழை விடவே இல்லை. ஊசி போட்டுக்கொண்டு திரும்பினோம். மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரம் அவள் பேசிக்கொண்டு வந்தாள். சாமை நனைந்திருக்கும் என்றாள். பிறகு பேச்சு குழறியது. சாமையை யார் தண்ணீரில் போட்டது, கருப்பாக இருக்கிறதே என்றாள். என்ன உளறுகிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். முகம் செக்கச் செவேலென்று இருந்தது. தலை கதவுப் பக்கம் சாய்ந்தது. கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன். பதில் இல்லை.

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

வண்டியை வளைவில் நிறுத்தி, அவளைத் தூக்கி வெளியே எடுத்தேன். ஒரு பாறை ஓரமாக உட்கார இடம் இருந்தது. அங்கே உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டேன். மழை எங்கள் இருவர் மேலும் பெய்தது. மேலே போனாலும் வைத்தியம் இல்லை, கீழே திரும்பினாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் கத்தினால்கூடக் கேட்க ஆளில்லை. அவள் காதருகே குனிந்து பேசினேன். கேட்கிறதா இல்லையா என்று நினைக்கவில்லை.

"அந்த நாய காலைலயே பாத்தேன்டி. எச்சில் வுட்டுனு இருந்துச்சு. கம்பிய கடிச்சினு இருந்துச்சு. எனக்கு தெரியும். தெரிஞ்சும் உன்கிட்ட சொல்லல. வண்டி வேலைய பாக்கப் போய்ட்டேன். என்னாலதான் உனக்கு இப்பிடி ஆச்சி."

இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது. அவள் இருமினாள். கண்ணைத் திறந்தாள். மழை முகத்தில் நேராக விழ, நாக்கை நீட்டி உதட்டை நக்கினாள். பிறகு கையை ஏந்தி, பாறையிலிருந்து வழிந்த தண்ணீரைப் பிடித்துக் குடித்தாள். ஒரு கை, இரண்டு கை, மூன்று கை. நான் அவள் தொண்டையையே பார்த்தேன். அதைப் பார்த்தவுடன் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்குயா அழுவுற?" என்றாள்.

முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டேன்.

"ரெண்டு நாளா சொம்பு சொம்பா தண்ணி குடுத்து நீ இன்னா பாக்கறன்னு எனக்கு தெரியாதா? புள்ளய கூட பிரிச்சி வச்ச. எனக்கு அது இல்லயா. நல்லா கேளு." எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "வண்டிக்குள்ள ஒக்காந்தாதான் எனக்கு இப்பிடி வருது. கீழ எறங்கி காத்துல நின்னா சரியாப் பூடுது. முன்ன ரெண்டு நாள் மழை இல்ல, கூரை இல்ல. அப்ப எனக்கு ஒண்ணுமே வரல. மூடுனா வருது. காலாண்ட சுடச்சுட எதுவோ மேல வருது. உன்கிட்ட சொல்லலாம்னா நீ எங்க கேக்கற, என் தொண்டையத்தான் பாத்துனு கீற."

"இப்ப நான் சொன்னது, நாய் விஷயம்..." என்றேன்.

"காதுல வுழுந்துச்சு. அத அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல போய் அந்தக் கொழாய பாரு."

போய்ப் பார்த்தேன். அவள் கால் வைக்கும் இடத்தில் கோணியைத் தூக்கினேன். அடிப்பக்கம் மசியாகக் கறுத்திருந்தது. தகர மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. கல்நார்க் கயிறு ஆடி ஆடிப் பிரிந்து, இணைப்பில் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. இன்ஜினை ஓடவிட்டுக் கையை வைத்தேன். புஸ் புஸ்ஸென்று சூடாகப் புகை நேரே உள்ளே வந்தது. பதினைந்து வருடம் பட்டறையில் புகையிலேயே நின்றவன். அந்த நாற்றம் எனக்கு நாற்றமாகவே உறைக்காது. மூடிய வண்டிக்குள் அது மனிதனைச் சத்தமில்லாமல் தூங்கவைத்துக் கொல்லும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கேள்விப்பட்டதை என் வீட்டுக் காரோடு சேர்த்து நினைக்கத் தோன்றவில்லை. நாயிலிருந்து காப்பாற்றத் தினமும் அவளைக் கொண்டுபோனேன். கொண்டுபோன வழியெல்லாம் என் கையால் செய்த குழாயில் அவளுக்கு விஷம் ஊதிக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு வளைவு நிற்காமல் ஏறியிருந்தால் வீட்டுக்கு நான் மட்டும்தான் போய்ச் சேர்ந்திருப்பேன்.

கூரையை அங்கேயே கிழித்து எடுத்தேன். பிரித்து மடக்கப் பொறுமை இல்லை. கத்தியால் கிழித்துப் பள்ளத்தில் வீசினேன். கோணியைக் கொங்காணியாக மடித்து அவள் தலையில் போட்டு, மழையில் நனைந்துகொண்டே மேலே போனோம்.

வீட்டுக்கு வந்ததும் குழாயை மறுபடி கழற்றினேன். இந்தத் தடவை போல்ட் ஒடியுமா என்றெல்லாம் நினைக்கவில்லை. பயமும் விட்டுப்போயிருந்தது. உளியை வைத்து அடித்தேன். அன்று கழலாத இரண்டும் பெயர்ந்து வந்தன. கொல்லர் உலையில் குழாயின் முனையை அகலமாக விரித்துத் தட்டி, இணைப்பே இல்லாமல் இன்ஜினோடு நேராகப் பொருத்தினோம். பின்பக்கம் கொண்டுபோகவில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் அறுத்து, புகை வண்டிக்கு வெளியே தள்ளிப் போகும்படி விட்டேன். பலகை மூலையில் ஒரு கட்டையை வைத்து ஆணி அடித்தேன். சத்தம் மறுபடியும் பெரிதாகிவிட்டது. போகட்டும் என்றிருந்தேன்.

முடித்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டு, அவள் உட்காரும் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். தலையோடு ஒரு படுதாவைப் போர்த்தி மூடிக்கொண்டு, நூறு எண்ணினேன், இருநூறு எண்ணினேன். படுதாவைத் தூக்கிப் பார்த்தபோது பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் என் மகளோடு நின்றிருந்தாள்.

"உனக்கு இன்னா ஆச்சி? பைத்தியம் கியித்தியம் புடிச்சிக்கிச்சா?" என்றாள்.

பத்தாம் நாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய் சொன்னதையும் சேர்த்து. அவர் என்னைத் திட்டவில்லை. அவளை நிற்கவைத்து, நடக்கவைத்து, முழங்காலில் தட்டிப் பார்த்தார். "ஊசி தொடரலாம்" என்றார். வாசலில் அதே போலீஸ்காரர் நின்றிருந்தார். கூரை இல்லாத காரையும், தலையில் கோணியோடு நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவளையும் பார்த்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மிச்ச நாட்களும் அப்படியே கடந்தன. பதினாலாவது ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தவளிடம், எதிரிலிருந்த ஓட்டலில் ஏதாவது சாப்பிடலாமா என்றேன். வேண்டாம் என்றாள். வழியெல்லாம் பேசவில்லை. அந்த இன்ஜின் சத்தத்தில் பேச முடியாதுதான். ஆனால் வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. சமைத்தாள், போட்டாள், மகளுக்குத் தலை வாரினாள். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. மூன்று நாள் இப்படிப் போனது.

நாலாம் நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். நான் ஒரு ஜீப்பின் பிரேக்கைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி முடியட்டும்னு இருந்தேன்" என்றாள். "நடுவுல சண்ட போட்டா நீ ஒழுங்கா வண்டி ஓட்ட மாட்ட. அதுக்குதான் சும்மா இருந்தேன்."

கையிலிருந்ததைக் கீழே வைத்தேன்.

"கொழாய் ஓட்டை போட்டத கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவசரத்துல பண்ண. எனக்காவத்தான் பண்ண. ஆனா நாய பாத்துட்டு நீ ஸ்பேனர தேடப் போன பாரு, அந்த வாசல்ல நம்ம புள்ளயும்தான வெளயாடினு இருந்துச்சு."

அதுவரை அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. உண்மையிலேயே தோன்றவில்லை. மகள் அன்று சாமைக்குப் பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டைகளை வைத்துச் சோறாக்கிக்கொண்டிருந்தாள். நாய் அவளைக் கடந்துதான் போயிருக்க வேண்டும். என் மனைவி பதிலுக்காக நிற்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

அந்த மார்கழியில் வேலூரிலிருந்து ஒருவர் லாரி கொண்டுவந்து காரை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொண்டு போனார். அதற்குள் பாதையை மண் அடித்துச் சரிசெய்து பஸ்ஸும் வர ஆரம்பித்திருந்தது. நோய் வருவதாக இருந்தால் மூன்று மாதத்துக்குள் வரும், அபூர்வமாக ஒரு வருடம் கழித்தும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வருடம் முழுக்க, அவள் தும்மினாலும் இருமினாலும் நான் அவள் தொண்டையைப் பார்ப்பேன். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும், பயப்படாதே என்று அவள் ஒரு தடவைகூட என்னிடம் சொல்லவில்லை. அந்த வருடமும் கடந்து அடுத்த சாமை அறுப்பு வந்தபோது மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா, இன்னும் ஒரு வருடம் போகட்டுமா என்று கேட்டுக்கொண்டே என் தட்டில் களியை வைத்தாள். சேர்க்கலாம் என்றேன்.